காலி நிலத்துக்கு வந்த ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி

பினாங்கின் பத்து காவானில் தொழிற்சாலைக்கென்று வேலி அடைத்துவிட்டு இன்னும் கட்டடம் எழும்பாத நிலங்கள் நிறையக் கிடக்கின்றன. பட்டர்வொர்த்தில் கம்பிச்சடக்கை ஒட்டிய மேடுகள், பிறையில் பழைய கடைவரிசைகளின் பின்புறம், தீவுப் பக்கம் மண் கொட்டி நிரப்பிய கடலோரத் துண்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முழங்கால் உயரப் புல், நடுநடுவே லாலான் என்ற முரட்டுப் புல், வேலிக் கம்பியில் சிறுபூனைக்காலிக் கொடி. வெயில் ஏறியதும் இந்த இடங்களில் இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல், எந்த அவசரமும் இல்லாமல் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி ஒன்று பறந்துகொண்டிருக்கும். அதன் பெயர் டானி கோஸ்டர். அறிவியல் பெயர் அக்ரேயா டெர்ப்சிகோரே.

இன்றைக்குப் பினாங்கில் இது மிகச் சாதாரணமான பூச்சி. ஆனால் 1970களில் இங்கே ஏதாவது ஒரு தோட்டத்தில் வளர்ந்த பெரியவரிடம் கேட்டால், சின்ன வயதில் இதைப் பார்த்ததாகச் சொல்லமாட்டார். சொல்லவும் முடியாது, ஏனென்றால் அப்போது இது மலேசியாவிலேயே இல்லை.

டானி கோஸ்டரின் சொந்த இடம் இந்தியாவும் இலங்கையும். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். அதன் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதன் வரைபடம் பெரிதாக மாறவில்லை. 1980களில் தாய்லாந்தில் காணப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் மலேசியத் தீபகற்பத்தின் வடக்கே வந்தது. 2006இல் சிங்கப்பூர். அப்புறம் சுமத்ரா, ஜாவா, அதற்குக் கிழக்கே உள்ள சிறு தீவுகள் என்று வரிசையாக நகர்ந்து, 2012 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் வட முனையில் டார்வின் நகருக்கு அருகே காணப்பட்டது. திமோருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் கடல் இருக்கிறது. பறப்பதில் இவ்வளவு சோம்பலாகத் தெரியும் பூச்சி அந்தக் கடலைத் தாண்டியிருக்கிறது. யாரும் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோய் விட்டதாகத் தெரியவில்லை. வந்த வழியை ஊர் ஊராகப் பார்த்தால், தலைமுறை தலைமுறையாகத் தானே நகர்ந்து வந்தது என்றுதான் படுகிறது.

எப்படி வந்தது என்பதைவிட, வந்த பிறகு எப்படி நிலைத்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காற்றில் அடித்துவரப்படும் பூச்சிகள் எத்தனையோ உண்டு. இறங்கிய இடத்தில் முட்டையிட இலை இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். டானி கோஸ்டர் இறங்கிய இடமெல்லாம் அதற்கு இலை இருந்தது, வெயில் இருந்தது, திறந்த வெளி இருந்தது. இந்த மூன்றையும் தயார் செய்து வைத்தது நாம்தான்.

முதலில் திறந்த வெளியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலும் தக்காணத்திலும் புல்வெளியும் முட்புதர்க்காடும் மிகப் பழைய இயற்கை நிலங்கள். மழை குறைவு, நீண்ட கோடை, மேயும் விலங்குகள் என்று அங்கே புல் நிலைப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பினாங்கு அப்படிப்பட்ட ஊர் இல்லை. இங்கே நிலத்தை மனிதர் தொடாமல் விட்டால் சமவெளியில் மழைக்காடு எழும், கரையோரச் சேற்றில் அலையாத்திக் காடு எழும். புல்லுக்கு ஆற்றங்கரையும் மரம் சாய்ந்த சிறு வெளியும்தான் மிச்சம். ஆக, இங்கே நாம் புல்வெளி என்று சொல்வதில் பெரும்பகுதி வெட்டப்பட்ட காட்டின் இடம். லாலான் முளைத்துக் கிடக்கிறது என்றாலே அந்த மண்ணில் ஒருமுறையாவது வெட்டோ தீயோ நடந்திருக்கிறது என்று பொருள்.

பத்து காவானையே பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது கரும்புத் தோட்டம். கரும்பு வெட்டத் தமிழர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். பிறகு ரப்பர், அதற்குப் பிறகு செம்பனை. 2014 மார்ச்சில் பினாங்குத் தீவுக்கான இரண்டாவது பாலம் திறந்தபோது, 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் ஒரு முனை இங்கேதான் வந்து இறங்கியது. தொழிற்பேட்டை வேகமாக வளர்ந்தது. ஒவ்வொரு பயிரும் மாறும்போது, ஒவ்வொரு கட்டடமும் எழும்புவதற்கு முன்னால், நிலம் கொஞ்ச காலம் சும்மா கிடக்கும். சில சமயம் அது ஒரு வருடம், சில சமயம் பத்து வருடம். அந்த இடைவெளியில்தான் இந்தப் பட்டாம்பூச்சி வாழ்கிறது. வங்காளத்திலிருந்து பர்மா, தாய்லாந்து வழியாகத் தீபகற்பத்தின் தென்முனை வரை காடு துண்டாடப்பட்டு வயலும் சாலையும் தோட்டமுமாக ஆன பிறகு, வெயிலில் வாழும் ஒரு பூச்சிக்குத் தொடர்ச்சியான பாதை கிடைத்துவிட்டது.

அடுத்தது இலை. பினாங்கில் டானி கோஸ்டரின் புழு தின்பது பெரும்பாலும் சிறுபூனைக்காலி. இலையைக் கசக்கினால் ஒரு மாதிரி நாற்றம் அடிக்கும், பூவைச் சுற்றிப் பாசி போலப் பச்சை வலை இருக்கும், பழம் சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிதாக மஞ்சளாகப் பழுக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பறித்துத் தின்றிருப்பார்கள். மலாய்க்காரர்கள் லெத்துப்-லெத்துப் என்றும் தீமுன் டெண்டாங் என்றும் சொல்வார்கள். அந்த வலையில் பிசுபிசுப்பான சுரப்பி முடிகள் உண்டு, சின்னஞ்சிறு பூச்சிகள் ஒட்டிக்கொண்டு செத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். இவ்வளவு பழக்கமான இந்தக் கொடியும் நம் ஊர்ச் செடி அல்ல. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து ஆசியா முழுக்கப் பரவிய களை இது. ஆக, அமெரிக்கக் களை ஒன்றும் இந்தியப் பட்டாம்பூச்சி ஒன்றும் மலேசிய வேலிக்கம்பியில் சந்தித்திருக்கின்றன.

இந்தச் சந்திப்பு தற்செயல் மாதிரித் தோன்றினாலும் அதற்குப் பின்னால் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் இந்தப் பூச்சியின் பழைய உணவுச் செடிகளில் ஒன்று ஓரிதழ்தாமரை. ஆமாம், நாட்டு மருந்துக் கடையில் பொடியாக விற்கும் அதே ஓரிதழ்தாமரைதான். ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோதும் அங்கே காட்டில் முளைக்கும் ஓரிதழ்தாமரையில்தான் அது முட்டையிடத் தொடங்கியது. ஓரிதழ்தாமரை வயலட் குடும்பம். சிறுபூனைக்காலி பேஷன் பழக் குடும்பம். இரண்டும் செடி வகைப்பாட்டில் ஒரே பெரும் வரிசைக்குள் அடங்கும் உறவுகள். மூன்றாவதாக ஒரு செடியும் உண்டு, டர்னேரா. காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும் மஞ்சள் அல்லது வெள்ளைப் பூ, வீட்டு முன்னால் அழகுக்கு நடுவார்கள். டர்னேராவைத் தாவரவியலாளர்கள் நீண்ட காலம் தனிக் குடும்பமாகவே வைத்திருந்தார்கள். 2009இல் வெளியான மரபணு அடிப்படையிலான வகைப்பாடுதான் அதைப் பேஷன் பழக் குடும்பத்துக்குள் சேர்த்தது. டானி கோஸ்டரின் புழு டர்னேராவையும் தின்னும். பெண் பட்டாம்பூச்சி இலையில் கால் வைத்ததும் கால் நுனியில் இருக்கும் உணரிகளால் அதன் வேதிப்பொருளைச் சுவைத்துப் பார்க்கிறது. பூவின் வடிவம் அதற்கு முக்கியமே இல்லை. ஆகவேதான் நாம் நெடுங்காலம் பிரித்து வைத்திருந்த உறவு அதன் காலுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தப் பூச்சியைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

டர்னேராவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் இன்னொரு வேலையும் உண்டு. ஓலையை அரிக்கும் பைப்புழுவை, மலாயில் ஊலாட் புங்குஸ் என்பார்களே அதை, அழிக்கும் சின்னக் குளவிகளுக்கு இந்தச் செடி தேன் தருகிறது. அதனால் தோட்டத்துச் சாலை ஓரங்களில் இதை வரிசையாக நடுகிறார்கள். மருந்து அடிப்பதைக் குறைக்க நட்ட செடி டானி கோஸ்டருக்கும் உணவாகிவிடுகிறது. செபராங் பிறையின் தென்பகுதியில், நிபோங் திபால் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் டர்னேரா இலையில் செம்பழுப்பு நிறத்தில் முள் முள்ளாகப் புழுக்களைக் கண்டால், அவற்றைப் பைப்புழு என்று நினைத்துப் பதற வேண்டாம். செம்பனை ஓலையை இவை தொடாது.

இப்போது பூச்சியின் உடம்புக்கு வருவோம். சிறகு விரித்தால் 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை இருக்கும். மேற்புறம் மங்கிய ஆரஞ்சு, அதில் கரும்புள்ளிகள். பின் சிறகின் விளிம்பில் கறுப்புக் கரை, அந்தக் கரைக்குள் வரிசையாக வெள்ளைப் பொட்டுகள். இதுதான் சரியான அடையாளம். எருக்கஞ்செடியைச் சுற்றும் பிளெய்ன் டைகர் பட்டாம்பூச்சியும் ஆரஞ்சுதான். ஆனால் அது பெரியது, முன் சிறகின் நுனி கறுத்து அதன் குறுக்கே வெள்ளைப் பட்டை இருக்கும். டானி கோஸ்டருக்கு அந்தப் பட்டை கிடையாது, முன் சிறகும் நீளமாக, ஒடுங்கி இருக்கும். பெண்பூச்சி ஆணைவிடச் சற்று வெளிறியது.

மெதுவாகப் பறப்பதற்குக் காரணம் பலவீனம் இல்லை, நஞ்சு. இதன் உடம்பில் லினமரின் போன்ற சயனைடு சேர்மங்கள் இருக்கின்றன. மரவள்ளிக்கிழங்கில் இருப்பதும் லினமரின்தான். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்த குடும்பங்களுக்கு, அதை நன்றாக வேக வைக்காமல் தின்றால் என்ன ஆகும் என்பது தெரியும். அக்ரேயா இனங்கள் இந்தச் சேர்மத்தைத் தம் உடலிலேயே, அமினோ அமிலங்களிலிருந்து தயாரித்துக்கொள்கின்றன. பறவை கொத்தி உடம்பு நசுங்கினால் நொதியும் சேர்மமும் கலந்து சயனைடு வெளியாகும். ஒருமுறை கசந்த குருவி மறுமுறை இந்த நிறத்தைத் தொடாது. ஆகவே, தான் யார் என்று காட்டிக்கொண்டு நிதானமாகப் பறப்பதுதான் இதற்கு லாபம். வேகமாகப் பறந்தால் குருவி அடையாளம் கண்டுகொள்ள முடியாமல் போய்விடும்.

கையில் பிடித்தால் சிறகை மூடிச் செத்தது போலக் கிடக்கும். மூட்டுகளிலிருந்து மஞ்சள் நிறத்தில் கசப்பான நீரும் கசியும். மற்றப் பட்டாம்பூச்சிகளைப் போல லேசாக அழுத்தினால் நசுங்கிவிடும் உடம்பும் இல்லை இதற்கு, தோல் மாதிரி இழுவையாக இருக்கும். அலகில் சிக்கித் துப்பப்பட்ட பிறகும் பறந்து போக இந்த உடம்பு உதவுகிறது. சிலந்திக்கும் கும்பிடுபூச்சிக்கும் இந்த ஏற்பாடெல்லாம் எப்போதும் செல்லுபடியாவதில்லை. வேலியோரச் சிலந்திவலையில் ஆரஞ்சுச் சிறகு தொங்குவதைப் பார்க்க முடியும்.

இனப்பெருக்க விஷயத்தில் இந்தக் குடும்பத்தின் ஆண்பூச்சிகள் கொஞ்சம் கடுமையானவை. நீண்ட சடங்கெல்லாம் கிடையாது. புல்லுக்கு மேலே தாழப் பறந்து சுற்றிச் சுற்றி வரும், பெண்ணைக் கண்டால் நேராகப் போய்ப் பிடிக்கும். புணர்ந்து முடித்ததும் பெண்ணின் வயிற்று நுனியில் ஒரு பசையைப் பூசும். அது இறுகிக் கெட்டியாகி, வேறு ஆண் அவளிடம் சேர முடியாதபடி அடைத்துவிடும். முட்டையிடும் வழி தனியாக இருப்பதால் அவள் முட்டையிடுவதற்குத் தடையில்லை. பெண்பூச்சி பூவில் உட்கார்ந்திருக்கும்போது வயிற்றின் அடிப்புறத்தை உற்றுப் பார்த்தால் இந்த அடைப்பு தெரியும்.

முட்டைகளை இலையின் அடிப்பக்கத்தில் கொத்தாக இடும். மஞ்சள் நிறத்தில் நெருக்கமாக இருக்கும். பொரிந்த புழுக்கள் முதலில் கூட்டமாகவே தின்னும். இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்று நரம்பை விட்டுவைக்கும். வளர வளரப் பிரிந்து, முழு இலையையும் முடித்துவிடும். ஒரு வேலிக்கொடியை நாலைந்து நாளில் வெறும் தண்டாக ஆக்கிவிட்டு, அடுத்த கொடியைத் தேடித் தரையில் ஊர்ந்து போவதும் உண்டு. கிளைத்த கறுப்பு முட்கள் பார்க்கத்தான் மிரட்டும். கூட்டுப்புழு வெள்ளையாக, கறுப்புக் கோடும் ஆரஞ்சுப் பொட்டுமாக, வால் நுனியால் தொங்கும். கொடியில்தான் தொங்க வேண்டும் என்றில்லை, வேலிக்கம்பி, சுவர், சாக்கடை ஓரம், மோட்டார் சைக்கிள் கொட்டகையின் தகரம் என்று எங்கும் தொங்கும். முட்டையிலிருந்து சிறகு வரை எல்லாம் சுமார் மூன்று வாரம்.

இந்த மூன்று வாரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குத்தகைக்காரர்கள் சாலையோரப் புல்லை வெட்டும் இடைவெளி மூன்று வாரத்துக்குள் இருந்தால், அங்கே இட்ட முட்டை பட்டாம்பூச்சி ஆகாது. அது நீண்டால் ஒரு தலைமுறை தப்பிக்கும். வேலிக்கம்பியில் ஏறிய கொடியைப் புல்வெட்டும் இயந்திரம் எட்டாது. அதனால்தான் திறந்த புல்தரையைவிட வேலி ஓரங்களில் இதை அதிகம் பார்க்கிறோம். திடலில் ஒட்ட வெட்டிய புல்லில் வேறு பூச்சிகள் பிழைத்துக்கொள்ளும். விரல் நகத்தளவே இருக்கும் நீல நிறப் பட்டாம்பூச்சி, லெஸர் கிராஸ் புளூ, தொட்டாற்சிணுங்கியிலும் தரையோடு படர்ந்த சிறு பயறுவகைச் செடிகளிலும் முட்டையிடும். அந்தச் செடிகள் இயந்திரக் கத்திக்குக் கீழேயே படுத்துக் கிடப்பதால் அதற்குப் பெரிய பாதிப்பில்லை. டானி கோஸ்டருக்கோ கொடி உயர வேண்டும்.

வெட்டுவதைவிடப் பெரிய விஷயம் மருந்து. தோட்டங்களில் களைக்கு மருந்து அடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். முதுகில் தோம்பைக் கட்டிக்கொண்டு, பல இடங்களில் சரியான கையுறையும் முகமூடியும் இல்லாமல், பாராகுவாட் அடித்தார்கள். நகம் உதிர்ந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது. தெனகனித்தா, பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகள் இதைப் பேசின. 2002இல் அரசு அதைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது, 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. அந்த மருந்து அடிக்கப்பட்ட களைகளில் சிறுபூனைக்காலியும் ஒன்று. பட்டாம்பூச்சிக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். புழு தின்னும் இலையும் அந்தப் பெண்கள் நடந்துபோன வரிசையும் ஒரே மண்ணில்தான் இருந்தன. ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பாராகுவாட் போனாலும் வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன, வேலியோரம் மஞ்சளாகக் கருகிக் கிடக்கும் கொடியை இப்போதும் பார்க்கலாம்.

சரி, வெளியிலிருந்து வந்த இந்தப் பூச்சியால் உள்ளூர் இனங்களுக்குக் கெடுதல் உண்டா? என் பார்வையில் பெரிய கெடுதல் இல்லை. அது தின்பது வந்தேறிக் களை, வாழ்வது நாம் வெட்டிப்போட்ட வெளி. நம் காடுகளில் இதே குடும்பக் கொடிகளைத் தின்னும் உள்ளூர் லேஸ்விங் பட்டாம்பூச்சிகள் நிழலும் மரமும் உள்ள காட்டு ஓரத்தை விரும்புபவை. இரண்டும் ஒன்றின் தட்டில் மற்றது கை வைப்பது அரிது. வடக்கேயிருந்து அண்மையில் தெற்கே பரவிய லெப்பர்ட் லேஸ்விங் மட்டும் சிறுபூனைக்காலியில் இதற்குப் போட்டியாக இருக்கலாம்.

ஆனால் டானி கோஸ்டர் நிறையப் பறக்கிறது என்பதைக் காட்டி, பினாங்கின் இயற்கை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தீபகற்ப மலேசியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை காட்டை நம்பியவை. தண்ணீர்மலைப் பூங்காவின் பின்னால் ஏறும் காட்டுப்பாதையில் பார்க்கும் இனங்களில் பல, கீழே இறங்கிக் குடியிருப்புக்குள் வந்தால் ஒரு வாரம் கூடத் தாக்குப்பிடிக்காது. பினாங்குக் கொடிமலையை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது அந்தக் காட்டுக்காகத்தான். டானி கோஸ்டர் அந்தக் காட்டுக்குள் போகாது. மலையடிவாரத்தில் மரத்தை வெட்டி மண்ணைச் சரித்தால், சில வருடங்களில் அங்கே வந்துவிடும். அதன் எண்ணிக்கை கூடுவது எவ்வளவு நிலம் திறந்து கிடக்கிறது என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். அதற்காகப் பூச்சியின் மேல் பழி போடுவதில் நியாயம் இல்லை.

பிள்ளைகளுக்குப் பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுற்றைக் காட்ட வேண்டும் என்றால் இதைவிட வசதியான இனம் கிடையாது. தமிழ்ப்பள்ளி வேலியில் சிறுபூனைக்காலி இருந்தால் அதில் பாதியை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். இலையைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சள் முட்டைக் கொத்து கிடைக்கும். அதை இலையோடு ஒரு போத்தலில் வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டி, தினம் புதிய இலை போட்டு, எச்சத்தைத் துடைத்து வந்தால் போதும். மருந்து அடித்த இடத்து இலையை மட்டும் போடக்கூடாது, ஒரே நாளில் எல்லாம் செத்துவிடும். புழுக்கள் கடைசிக் கட்டத்தில் தின்னும் வேகத்துக்கு இலை பறித்து மாளாது. அதனால் பத்துப் புழுவுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். பினாங்கில் ஆண்டு முழுவதும் இதைப் பார்க்கலாம் என்றாலும், ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் கொடி காய்ந்துவிடும், அப்போது எண்ணிக்கை குறையும். மழை திரும்பிக் கொடி துளிர்த்து சில வாரம் கழித்துத் தேடுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் புல்லில் விழுந்த பிறகு போனால் நன்றாகப் பார்க்கலாம்.